புதுப் பவளத் தொட்டியில் பாசி ஏன் வருகிறது, எப்போது போகும்

ரீஃப் டேங்க் வைத்து ஆறேழு வாரம் ஆகியிருக்கும். உப்புத் தண்ணீர் கலக்கி, பாறை அடுக்கி, அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, முதல் ஜோடி க்ளவுன் மீன்களையும் விட்டாயிற்று. அதுவரை வெள்ளை வெளேரென்று இருந்த மணலில் திடீரென்று பழுப்பாக ஏதோ படிகிறது. கிளறிவிட்டால் மாலைக்குள் திரும்ப வந்துவிடுகிறது. அடுத்த மாதம் பாறையில் பச்சை முடி. அதற்கடுத்து மணல்மேல் சிவப்பு ஆடை. இந்தக் கட்டத்தில்தான் பலர் கடைக்கு ஓடி ஏதாவது ஒரு மருந்துப் புட்டியை வாங்கி ஊற்றுகிறார்கள். சிலர் மனம் வெறுத்துத் தொட்டியையே கலைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை.

ரீஃப் வளர்ப்பவர்கள் இதை ‘அக்லி ஸ்டேஜ்’ என்பார்கள். ஏறக்குறைய எல்லாப் புதுத் தொட்டியும் இதைக் கடந்துதான் வருகிறது. ஆனால் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. வந்திருப்பது எது என்று தெரிந்து அதற்கேற்ப நடந்தால் சில மாதங்களில் விலகிவிடும். தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால், சாதாரணப் பாசி போய் அதைவிட மோசமானது வந்து உட்காரும்.

காலி இடம்

கடலில் உயிரோடு இருக்கும் பவளத்திட்டு ஒன்றைப் பார்த்தால், விரல் நுனி வைக்கக்கூட வெறும் பாறை கிடைக்காது. பவளம், இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி, கடற்பஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாப் படலம் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பிடித்து வைத்திருக்கும். நாம் தொட்டியில் வைப்பதோ காய்ந்த பாறையும் கழுவிய மணலும். மேலே பளீரென்ற எல்இடி. தண்ணீரில் மீன் தீனியிலிருந்து கரைந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும். வெளிச்சம் இருக்கிறது, உரம் இருக்கிறது, இடமும் காலி. உழுதுபோட்ட நிலத்தில் ஒரு மழை பெய்தால் முதலில் முளைப்பது களைதானே. வேகமாகப் பெருகும் உயிர்தான் முதலில் இடம் பிடிக்கும். மெதுவாக வளர்வது பின்னால் வந்துதான் அதை நெருக்கி வெளியேற்ற வேண்டும்.

“சைக்கிள் முடிந்துவிட்டதே, பிறகும் ஏன்?” என்று கேட்பவர்கள் உண்டு. சைக்கிள் முடிவது என்றால், நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் அளவுக்குப் பெருகிவிட்டன என்று மட்டுமே பொருள். அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் சாகாமல் இருக்க அது போதும். தொட்டி முதிர்ந்துவிட்டது என்று சொல்ல அது போதாது. முதிர்ச்சிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அந்த இடைவெளியில்தான் பாசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன.

முன்பெல்லாம் இந்த இடைவெளி இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல், கடலிலிருந்து அப்படியே எடுத்துவந்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தொட்டி நடத்தும் முறையை உலகுக்கு எழுதிக் காட்டினார். பிறகு பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் அதோடு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். லைவ் ராக் எனப்படும் அந்தப் பாறை, தன்மேல் குடியிருக்கும் அத்தனை உயிரோடும் வந்து இறங்கும், காலி இடம் குறைவு. இன்று பெரும்பாலோர் காய்ந்த பாறையில் தொடங்குகிறார்கள். வேண்டாத நண்டும் புழுவும் வராது, கடலில் இருப்பதும் பிழைக்கும். அதற்கான விலையைத்தான் பாசியாகக் கொடுக்கிறோம்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது: கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, கரும்பவளம் ஆகியவையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கரையோரம் கிடக்கிறதே என்று பவளத்தையோ பாறையையோ எடுத்துவரக் கூடாது. மன்னார் வளைகுடாவில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான்.

பழுப்புத் தூசியும் சிவப்பு ஆடையும்

முதலில் வருவது பெரும்பாலும் டயாட்டம். மணல்மேலும் கண்ணாடியிலும் பழுப்பு மாவு தூவியதுபோல இருக்கும், விரலால் தொட்டால் கலைந்துபோகும். ஒவ்வொரு டயாட்டமும் தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிர். தண்ணீரில் கரைந்த சிலிக்கா தீர்ந்துபோனால் அதன் ஆட்டமும் தீர்ந்தது. ஆகவே இதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை. நாலைந்து நத்தைகளை விட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் போதும்.

மாதக்கணக்கில் போகாமல் இருந்தால், ஊற்றும் தண்ணீரிலேயே சிலிக்கா வந்துகொண்டிருக்கிறது. ரீஃப் தொட்டிக்கு ஆர்ஓ-வோடு, மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் சேர்ந்த வடிகட்டித் தண்ணீர்தான் வேண்டும். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரம் பல வீடுகளில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்து விடுகிறது. அது குடிக்க நல்லது, பவளத்துக்கு ஆகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனைத்தான் அளக்கிறது. கரைந்த சிலிக்கா மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதில்லை. ரெசின் தளரும்போது முதலில் நழுவி வெளியே வருவனவற்றில் சிலிக்காவும் ஒன்று. மீட்டர் பூஜ்யம் காட்டும்போதே அது தொட்டிக்குள் வந்துகொண்டிருக்கலாம். பழுப்பு விடாமல் வந்தால், மீட்டரை நம்பிக்கொண்டிராமல் ரெசினை மாற்றிப் பாருங்கள்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு ஆடையாக மணலை மூடுவது சயனோபாக்டீரியா. இது பாசி அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கிய கூட்டம் இதுதான் என்பதால், எனக்கு இதன்மேல் கோபம் வந்தாலும் மரியாதை குறைவதில்லை. அடையாளம் எளிது. விளிம்பைப் பிடித்து உறிஞ்சினால் பாலாடைபோல மொத்தமாக உரிந்து வரும், மேலே சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் ஒரு கெட்ட வாடை.

சயனோ வரும் இடத்தைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். தண்ணீர் ஓட்டம் படாத மூலை, பாறையின் பின்புறம், தீனித் துகள் தேங்கும் பள்ளம். தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்ப்பின் முகத்தைத் திருப்பி வைப்பதே பல தொட்டிகளில் பாதி வேலையை முடித்துவிடும். 200 லிட்டர் தொட்டியில் மணிக்கு 4,000 லிட்டராவது புரள வேண்டும், அதாவது குறைந்தது இருபது மடங்கு. பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் மெல்லிய சைபன் குழாயால் ஆடையை உறிஞ்சி வெளியே எடுங்கள். நைட்ரேட்டை ஒட்டக் குறைத்தால் இது பட்டினி கிடந்து சாகும் என்று நினைக்க வேண்டாம். சயனோபாக்டீரியாவில் சில வகைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும். நைட்ரேட் இல்லாத தண்ணீரில் மற்றவை தவிக்கும்போது இவற்றுக்குப் போட்டியே இருக்காது.

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டால் இரண்டு மூன்று நாளில் சயனோ மறைந்துவிடும். அதனால்தான் அது பிரபலம். ஆனால் செத்து மிதக்கும் ஆடை அழுகும்போது ஆக்சிஜன் இறங்குகிறது, அது பிடித்து வைத்திருந்த சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்புகிறது, வெறுமையான மணல் மறுபடி வெறுமையாகவே கிடக்கிறது. புதுத் தொட்டியில் அதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பச்சை முடி

புதியவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். டெர்பீசியா, கிளாடோஃபோரா, பிரையாப்சிஸ் எனப் பல இனங்களை நாம் ‘ஹேர் ஆல்கே’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். இதில் பிரையாப்சிஸை மட்டும் தனியாகப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு இழையைக் கிள்ளி வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு விட்டுப் பாருங்கள், பறவை இறகுபோல இருபுறமும் கிளை இருந்தால் பிரையாப்சிஸ். அதை நத்தைகள் பெரும்பாலும் தொடாது, சத்தைக் குறைத்தாலும் அசையாது. வேறு எதுவும் பலிக்காத நிலையில், அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பயன்படுத்தி அதை ஒழித்திருக்கிறார்கள். அது மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து. பிரையாப்சிஸ்தான் என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்க வேண்டாம். மற்ற முடிகளுக்குக் கீழே சொல்வதே வழி.

பச்சை முடி வந்ததும் எல்லோரும் செய்வது டெஸ்ட் கிட்டை எடுப்பது. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று வருகிறது. “சத்தே இல்லாத தண்ணீரில் எப்படி இப்படி வளர்கிறது?” என்று குழம்பிப்போகிறார்கள். கிட் பொய் சொல்லவில்லை. அது தண்ணீரில் மிச்சம் இருப்பதை அளக்கிறது. வந்த சத்தையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டதால் மிச்சம் இல்லை. அந்தச் சத்து பச்சையாகப் பாறைமேல் ஆடிக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.

அளவுகளைக் கையில் பிடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 200 லிட்டர் தொட்டியில் பாஸ்பேட் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) என்றால், மொத்தத் தொட்டியிலும் இருப்பது 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் எவ்வளவோ கீழே. அவ்வளவு சின்ன அளவை நிறம் பார்த்துச் சொல்லும் சாதாரண கிட்டால் துல்லியமாகப் பிடிப்பது கடினம். அதற்குத்தான் ஹன்னா நிறுவனத்தின் சின்ன ஒளிமானிகளைப் பலரும் வாங்குகிறார்கள். அதில் எச்ஐ 736 என்ற கருவி பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 20 என்று காட்டினால் 0.06 பிபிஎம். இதைத் தெரியாமல் இருபதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு.

வருவது எங்கிருந்து? முதலாவது தீனி. ஸ்கிம்மர் எடுத்ததும் நீங்கள் உறிஞ்சி எறிந்ததும் போக, உள்ளே போட்ட பாஸ்பரஸ் அத்தனையும் தொட்டிக்குள்ளேயேதான் ஏதோ ஓர் உருவில் இருக்கிறது. இரண்டாவது, பலர் சந்தேகப்படாத பாறை. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உடையது. தண்ணீரில் பாஸ்பேட் கூடினால் பாறை வாங்கி வைத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். பழைய தொட்டியிலிருந்து மலிவாக வாங்கிய பாறை வருடக்கணக்கில் வாங்கி வைத்ததை மாதக்கணக்கில் கக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட தொட்டியில் பாசி பாறையில் மட்டும் அடர்ந்து, பிளாஸ்டிக் குழாயிலும் கண்ணாடியிலும் குறைவாக இருப்பதைப் பார்க்கலாம்.

தண்ணீர் மாற்றினால் போய்விடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் 20 இருக்கும் தொட்டியில் பத்து சதவீதம் மாற்றினால் 18 ஆகும், அவ்வளவுதான். வாரம் பத்து சதவீதமாக மாற்றி அதைப் பாதியாக்க ஆறேழு வாரம் வேண்டும், அதுவும் புதிதாக எதுவும் சேராமல் இருந்தால். தண்ணீர் மாற்றுவதைத் தவறாமல் செய்யுங்கள், ஆனால் பாசியை அதுவே தீர்த்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

பச்சை முடிக்கு முதல் வேலை கையால் பிடுங்குவது. அலுப்பான வேலை, ஆனால் இதற்கு ஈடு இல்லை. பிடுங்கி வெளியே எறிந்த ஒவ்வொரு பிடியும் தொட்டியைவிட்டு நிரந்தரமாக வெளியேறிய நைட்ரஜன், பாஸ்பரஸ். ஒரு கையால் பிடுங்கும்போது மறுகையில் சைபன் குழாயைப் பக்கத்திலேயே பிடியுங்கள், அறுந்த இழை வேறு பாறையில் போய் வேர்விடாமல் இருக்கும். கழற்ற முடிகிற பாறையைத் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். இது முடிந்த பிறகுதான் நத்தை. நீண்ட முடியை டர்போவோ ட்ரோக்கஸோ தின்று தீர்க்காது, கத்தரித்த அடிக்கட்டையையும் புதுத் துளிரையும்தான் மேயும். பிடுங்காமல் ஐம்பது நத்தையைக் கொட்டிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் இந்த வரிசையைத்தான் மாற்றிச் செய்கிறார்கள். நத்தை வாங்கும்போது அஸ்ட்ரேயாவைவிட ட்ரோக்கஸ் மேல். அஸ்ட்ரேயா மணலில் குப்புற விழுந்தால் தானாக நிமிரத் தெரியாமல் செத்துப்போகும்.

மேய்ச்சல் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கரீபியன் கடலைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1983-இல் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோய், டயடீமா என்ற நீண்ட முள் கடல்முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை ஒரே வருடத்தில் கொன்றுபோட்டது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை அதற்கு முன்பே மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள், 1980-இல் ஆலன் புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. மேய மிஞ்சியிருந்தது அந்த முள்ளெலிதான். அதுவும் போனதும் பாசி பாறைகளை மூடியது. 1970-களின் இறுதியில் பாதிக்கும் மேல் பவளம் போர்த்தியிருந்த ஜமைக்காத் திட்டுகளில் 1990-களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதம்கூட மிஞ்சவில்லை. நம் பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. வளர்ப்புக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். கடலிலேயே இப்படி என்றால், மேய்பவர்கள் இல்லாத தொட்டியை வெறும் பாஸ்பேட் எண்ணை வைத்துக்கொண்டு காப்பாற்ற நினைப்பது வீண்.

பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் பாசி தின்னும் மீனையும் சேர்க்கலாம். மஞ்சள் டேங், கோலே டேங் எல்லாம் அருமையாக மேயும், ஆனால் நீந்த இடம் வேண்டும். நூறு, நூற்றைம்பது லிட்டர் தொட்டியில் பாசிக்காக டேங் மீனை அடைப்பது பாவம். அங்கே சின்ன டக்ஸீடோ முள்ளெலி ஒன்று போதும்.

இதே பாசியின் பசியை நமக்குச் சாதகமாகத் திருப்பியவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி. பாசி எப்படியும் வளரத்தான் போகிறது, அதை வலைமேல் தனியிடத்தில் வெளிச்சம் போட்டு வளர்த்து, சுரண்டி எறிந்தால் சத்தும் வெளியேறிவிடும் என்று ஸ்க்ரப்பரை உருவாக்கினார். சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் துணைத் தொட்டியில், கீட்டோமார்ஃபா என்ற சுருள் பாசியை வளர்க்கும் ரெஃப்யூஜியமும் இதே தத்துவம். புதுத் தொட்டிக்கு இது கட்டாயம் இல்லை. சம்ப் இருந்தால் நல்ல துணை.

பூஜ்யம் என்னும் ஆபத்து

பாசி வந்ததும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்தெறியத் தோன்றும். பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஜிஎஃப்ஓ எனும் இரும்பு ஆக்சைடுத் துகளை, ரியாக்டர் எனும் வடிகட்டிக் குழாய் நிறைய நிரப்புவார்கள், தீனியை நிறுத்துவார்கள், ஸ்கிம்மரை உச்சத்தில் வைப்பார்கள். கடலில் பவளத்திட்டின் தண்ணீரில் இவை கிட்டத்தட்ட இல்லையே என்று வாதமும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அங்கே அந்தச் சொற்பச் சத்து, மிதவை உயிரிகளோடு இரவும் பகலும் ஓடி வந்துகொண்டே இருக்கிறது. தொட்டியில் அப்படி எதுவும் வருவதில்லை. இங்கே பூஜ்யம் என்றால் பட்டினி. பவளத்துக்கு, நல்ல பாக்டீரியாவுக்கு, இடம் பிடிக்க வேண்டிய நல்ல பாசிக்கு.

அந்தப் பட்டினியில் தழைக்கும் ஒன்று உண்டு. டைனோஃப்ளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறூட்டும் சூசாந்தெல்லேயும் இதே இனக்கூட்டம்தான். தனியாகத் திரியும் சில வகைகள் மட்டும் தொட்டியில் தொல்லை. பழுப்பு நிறச் சளி நூல்போல பாறையிலிருந்து தொங்கும், நுனியில் குமிழி இருக்கும், விளக்கு அணைந்தால் இரவில் குறைந்து பகலில் திரும்ப வரும். நத்தைகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டயாட்டமா டைனோவா என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் சளியை உறிஞ்சி, மூடியுள்ள புட்டியில் தொட்டித் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த தெளிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்தால், டைனோக்கள் தாமே ஒன்றுகூடி மறுபடி சளித் திரளாகும். டயாட்டம் அப்படிக் கூடாது. 400 மடங்கு பெரிதாக்கும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணீர்த்துளி வடிவில், கூர்முனையில் கட்டிப்போட்டதுபோலச் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். நீள்வட்டமாக வழுக்கிக்கொண்டு போனால் ஆம்ஃபிடினியம். இந்த வேறுபாடு வைத்தியத்தையே மாற்றும்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் எழும்பி மிதக்கும். அப்போது யுவி (புற ஊதா) விளக்கு வழியாகத் தண்ணீரைச் சுற்றவிட்டால் கணிசமாக அழியும். யுவியை சம்ப்பில் வைக்காமல் மேல் தொட்டியிலிருந்தே நேராக இணைக்க வேண்டும். ஆம்ஃபிடினியம் மணலைவிட்டு எழும்பாது, யுவி அதை ஒன்றும் செய்யாது. அதற்கு வளர்ப்பாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: வேண்டுமென்றே சிலிக்கேட் ஊற்றி டயாட்டத்தை வரவழைப்பது. மணலின் இடத்தை டயாட்டம் பிடித்துக்கொள்ள, டைனோ நெருக்கப்பட்டு விலகுகிறது.

எந்த வகை என்றாலும் அடிப்படை ஒன்றே. ஜிஎஃப்ஓவை எடுத்துவிடுங்கள், தீனியைக் கூட்டுங்கள், தேவைப்பட்டால் சோடியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றி, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.1 பிபிஎம் அருகே நிற்கவையுங்கள். ஊற்றிய பாஸ்பேட்டை முதலில் பாறை விழுங்கிக்கொள்ளும் என்பதால் தினமும் அளந்துதான் ஊற்ற வேண்டும். அந்த வாரங்களில் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் நஞ்சு உண்டாக்கக்கூடியது. இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் 2005-ஆம் ஆண்டுக் கோடையில் அது பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்த ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவ உதவி நாடினார்கள். டைனோ உள்ள தொட்டியில் கையுறை போடாமல் வேலை செய்யாதீர்கள், சைபனை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். பாசியைக் கொல்கிறேன் என்று பாறையை வெந்நீரில் போட்டு வேகவைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். பவளத்தின் உறவினமான சோயாந்திட் போன்றவை ஒட்டிய பாறையிலிருந்து ஆவியோடு பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு கிளம்பி, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

சாதாரண நாட்களுக்கு நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் 106:16:1 என்ற கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதத்தைச் சமையல் குறிப்புபோலப் பின்பற்றச் சொல்பவர்கள் உண்டு. அது கடல் மிதவை உயிரிகளின் சராசரிச் சேர்மானம். தொட்டித் தண்ணீருக்கு எழுதிய சீட்டு அல்ல. இரண்டும் அளவில் இருக்கின்றனவா, வாரத்துக்கு வாரம் தாவாமல் நிற்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.

வெளிச்சம், பிறகு பவளம்

பவளமே இல்லாத தொட்டிக்கு முழு வெளிச்சம் எதற்கு? முதல் இரண்டு மாதம் மீனைப் பார்க்கிற அளவுக்கு மங்கலாக, ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். வெள்ளை, சிவப்பு எல்இடிகளைக் குறைத்து நீலத்தை வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்கவே கூடாது.

ஆறு மாதம் தாண்டியும் பச்சை அடங்கவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது டிஐ ரெசின், அடுத்தது பாறையின் பூர்வீகம், மூன்றாவது மீன்களின் எண்ணிக்கை. பாறைதான் கக்குகிறது என்று உறுதியானால் ஜிஎஃப்ஓவைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரம் ஒருமுறை அளந்துகொண்டே பயன்படுத்தலாம். பந்துபோலப் பளபளக்கும் வலோனியாவைக் கண்டால், அது ஒற்றைச் செல்லே குமிழியாக வளர்ந்த பாசி, உடைக்காமல் அடியோடு கிள்ளி எடுத்துவிடுங்கள்.

பாறையிலும் பம்ப் மேலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட ஆரம்பித்தால் சுண்ணாம்புப் பாசி குடியேறுகிறது. அதற்குக் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அருகே, மெக்னீசியம் 1,300 அளவில் நிலையாக வேண்டும். அந்தப் புள்ளிகளுக்காகக் காத்திருந்துதான் எல்லாப் பவளத்தையும் வைக்க வேண்டும் என்பதில்லை. மஷ்ரூம், க்ரீன் ஸ்டார் பாலிப் போன்ற, எளிதில் சாகாத மென்பவளங்களை மூன்றாவது மாதமே வைக்கலாம். அவையும் சத்தைத் தின்னும், பாறையில் படர்ந்து பாசிக்குக் கிடைக்கும் இடத்தைக் குறைக்கும். க்ரீன் ஸ்டார் பாலிப் எல்லாப் பாறைக்கும் தாவிவிடக்கூடியது, அதைத் தனியாக நிற்கும் ஒரு கல்லில் வையுங்கள். கல்பவளமான அக்ரோபோராவை மட்டும், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்தால், காரத்தன்மையும் பாஸ்பேட்டும் தொடர்ந்து இரண்டு மாதம் ஆடாமல் நின்ற பிறகு வாங்குங்கள்.